வேதாகமப் படிப்பும் ஊழிய ஆயத்தமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களும், வாலிபர் ஐக்கியத்தில் உள்ளவர்களும், பிள்ளையை ஊழியத்துக்கென்று ஒப்புக்கொடுத்த பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. விடைகள் பெரும்பாலும் தமிழ்நாட்டின் தென்னிந்தியத் திருச்சபை, லுத்தரன் திருச்சபை ஆகியவற்றின் நடைமுறையை ஒட்டியவை. கத்தோலிக்க, பெந்தெகொஸ்தே மரபுகள் வேறுபடும் இடங்களில் அவை தனியே குறிக்கப்பட்டுள்ளன.

பேதுருவும் யோவானும் படிப்பறியாதவர்கள்தானே? ஊழியத்துக்குப் படிப்பு எதற்கு?

அப்போஸ்தலர் 4:13-ஐ ஆதாரமாகக் காட்டி இப்படிக் கேட்பவர்கள் பெரும்பாலும் அந்த வசனத்தின் கடைசிப் பகுதியை விட்டுவிடுகிறார்கள். அவர்கள் இயேசுவுடனேகூட இருந்தவர்கள் என்று ஆலோசனைச் சங்கத்தார் அறிந்துகொண்டார்கள் என்பதோடுதான் அது முடிகிறது. எருசலேமின் வேதபாரகரிடம் முறையாகப் பாடங்கேட்காதவர்கள் என்பதே அவர்கள்மேல் இருந்த குறை; ஆசிரியரோடு கூடவே தங்கி, அவர் நடந்த ஊர்களில் நடந்து, புரியாததைக் கேட்டு, பலமுறை கடிந்துகொள்ளப்பட்டுப் பெற்ற பயிற்சி அவர்களுக்கு இருந்தது. பவுலோ யூத நியாயசாஸ்திரியான கமாலியேலின் பாதத்தருகே வளர்ந்தவர். வேதாகமங்களில் வல்லவனாயிருந்த அப்பொல்லோவைக்கூட ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் தங்களிடம் சேர்த்துக்கொண்டு, தேவனுடைய மார்க்கத்தை அதிகத் திட்டமாய் விவரித்துக் காட்டவேண்டியிருந்தது.

தமிழ்த் திருச்சபையின் தொடக்கமும் இதையே சொல்கிறது. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்கு, பத்தாண்டுகளுக்குள், 1716-இல், உள்ளூர் ஊழியரை உருவாக்க ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். இந்தியாவில் சீர்திருத்தத் திருச்சபையின் முதல் இந்தியக் குருவான ஆரோன் 1718-இல் ஞானஸ்நானம் பெற்றவர். ஆசிரியராகவும் உபதேசியாராகவும் உழைத்த பிறகு 1733-இல்தான் அவருக்குக் குருப்பட்டம் கிடைத்தது. பதினைந்து ஆண்டுக் காலம் அவரைச் சபை பார்த்துக்கொண்டிருந்தது. இன்றைக்கு ஒரு முகாமில் எழுந்து நின்று கையை உயர்த்தியவர் அடுத்த ஆண்டே தனிச் சபை தொடங்கிவிடுவதைப் பார்க்கும்போது, அந்தப் பதினைந்து ஆண்டு வீணான தாமதமாக எனக்குத் தோன்றுவதில்லை.

ஆகவே ஆயத்தம் இன்றியமையாதது. வேதாகமக் கல்லூரி அந்த ஆயத்தத்துக்கு ஒரு வழி, நல்ல வழி, ஒரே வழி என்று சொல்ல முடியாது.

எனக்கு ஊழிய அழைப்பு உண்டு என்பதை எப்படி அறிந்துகொள்வது?

அழைப்பை ஒருவர் தம் உள்ளத்தில் உணர்வது தொடக்கம். அதைச் சோதித்துப் பார்க்கும் பொறுப்பு சபைக்கு உரியது. அப்போஸ்தலர் 13-ஆம் அதிகாரத்தில் பர்னபாவையும் சவுலையும் பிரித்துவிடுங்கள் என்ற கட்டளை அந்தியோகியா சபையார் கூடி உபவாசித்து ஆராதித்துக்கொண்டிருந்தபோது வருகிறது. அவர்கள்மேல் கைகளை வைத்து அனுப்புகிறவர்களும் அந்தச் சபையாரே. தனி அறையில் கிடைத்த தரிசனத்தை மட்டும் சொல்லி, அதைக் கேள்வி கேட்பவரை அவிசுவாசி என்று தள்ளும் போக்குக்கு அங்கே இடமில்லை.

நடைமுறையில் கேட்டுப் பார்க்கவேண்டிய கேள்விகள் எளியவை. உங்களைச் சிறுவயதிலிருந்து அறிந்த இரண்டு மூன்று மூப்பர்கள் என்ன நினைக்கிறார்கள்? ஓய்வுநாள் பள்ளியில் ஒரு வகுப்பை ஆண்டு முழுவதும் ஒழுங்காக நடத்தியிருக்கிறீர்களா? ஆஸ்பத்திரியில் கிடப்பவரைப் பார்க்கப் போவதும், யாரும் கவனிக்காத முதியவரிடம் உட்கார்ந்து பேசுவதும் உங்களுக்குச் சுமையாக இருக்கிறதா? மேடையில் பேசுவது மட்டும் பிடித்திருக்கிறது என்றால், சற்றுப் பொறுப்பது நல்லது. கண்காணியாயிருப்பவன் நூதன சீஷனாயிருக்கக்கூடாது என்று 1 தீமோத்தேயு 3-இல் வருகிறது. உங்களில் அநேகர் போதகராகாதிருப்பீர்களாக என்று யாக்கோபு எச்சரிப்பதை அழைப்பு ஆராதனைகளில் யாரும் வாசிப்பதில்லை. அதையும் ஒருமுறை வாசித்துவிட்டு முடிவெடுக்கலாம்.

பெற்றோருக்கு ஒரு சொல்: பிள்ளை பிறக்குமுன் செய்த பொருத்தனை உங்களுடையது. அது பிள்ளையின் அழைப்பாகவும் இருக்குமா என்பதைப் பிள்ளை வளர்ந்தபின்தான் அறிய முடியும்.

வேதாகமத்தை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

ஆதியாகமத்தில் உற்சாகமாகத் தொடங்கி லேவியராகமத்தில் நின்றுபோவது பலருக்கும் நேர்வது. ஊழியத்துக்கு ஆயத்தப்படுகிறவர் வேதாகமம் முழுவதையும் ஒருமுறையாவது வாசித்திருக்கவேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆராய்ந்து படிக்கும் பழக்கத்தைச் சிறிய நூலில் தொடங்குவது பயன் தரும். பிலேமோன் ஒரே அதிகாரம், 25 வசனங்கள். ரூத் நான்கு அதிகாரம். மாற்கு பதினாறு அதிகாரம்; ஒரு மாலைப்பொழுதில் உரக்க வாசித்து முடித்துவிடலாம்.

உரக்க வாசிப்பதைச் சிறப்பாகச் சொல்லக் காரணம் உண்டு. இந்நூல்கள் சபையில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கும்படி எழுதப்பட்டவை. ஒரே மூச்சில் வாசிக்கும்போதுதான் மாற்கின் வேகமும், எட்டாம் அதிகாரத்துக்குப் பிறகு கதை எருசலேமை நோக்கித் திரும்புவதும் காதில் விழும். நாளுக்கு ஓர் அதிகாரம் என்று பிரித்து வாசிப்பது தியானத்துக்கு ஏற்றது. நூலின் அமைப்பு அதில் பிடிபடாது.

ஒரு வேதபகுதியை ஆராய்வது எப்படி? ஓர் எடுத்துக்காட்டு தர முடியுமா?

நம் வீடுகளில் சுவரில் மாட்டப்பட்டிருக்கும் வசனம் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். எரேமியா 29:11. “அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே” என்று முடிவது. தேர்வு எழுதப் போகும் பிள்ளைக்கும், விசாவுக்குக் காத்திருப்பவருக்கும், பெண் பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டாருக்கும் சொல்லப்படுவது.

முதல் வேலை, அதிகாரத்தின் முதல் வசனத்துக்குப் போவது. இது ஒரு கடிதம். எருசலேமிலிருந்து எரேமியா எழுதி, சிதேக்கியா ராஜா பாபிலோனுக்கு அனுப்பிய தூதர்கள் கையில் கொடுத்தனுப்பியது. பெறுபவர்கள், கி.மு. 597-இல் எகொனியா ராஜாவோடு சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட மூப்பர்களும் ஆசாரியர்களும் மற்ற ஜனங்களும். இந்த அளவில், வசனத்தில் வரும் ‘உங்கள்’ என்பது தனி ஒருவரைக் குறிக்கவில்லை, வேரோடு பிடுங்கப்பட்ட ஒரு சமுதாயத்தைக் குறிக்கிறது என்பது தெளிவாகிவிடும்.

இரண்டாவது, வசனத்தின் அக்கம்பக்கத்தைப் பார்ப்பது. 5-ஆம் வசனம் முதல், வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவையுங்கள், உங்களைச் சிறைவைத்த அந்தப் பட்டணத்துக்காகவே ஜெபம்பண்ணுங்கள் என்று கடிதம் சொல்கிறது. அதாவது, சீக்கிரம் ஊர் திரும்பும் எண்ணத்தை விடுங்கள் என்கிறது. 10-ஆம் வசனம் அதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது: எழுபது வருஷம். கடிதத்தைக் கையில் வாங்கிய நாற்பது வயது மூப்பர் ஒருவர் அந்த வாக்குத்தத்தம் நிறைவேறுவதைக் கண்ணால் பார்க்கப்போவதில்லை. அதற்கு அடுத்த வசனம்தான் நாம் சுவரில் மாட்டியிருப்பது.

மூன்றாவது, முந்திய அதிகாரத்தோடு சேர்த்து வாசிப்பது. 28-ஆம் அதிகாரத்தில் அனனியா என்னும் தீர்க்கதரிசி, இரண்டு வருஷத்திலே எல்லாம் சரியாகிவிடும், ஆலயத்தின் பணிமுட்டுகளும் சிறைப்பட்டவர்களும் திரும்பிவருவார்கள் என்று ஆலயத்திலே அறிவிக்கிறான். எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தை எடுத்து உடைத்தும் போடுகிறான். ஜனங்கள் கேட்க விரும்பிய செய்தி அவனிடம் இருந்தது. 29-ஆம் அதிகாரக் கடிதம் அந்தச் செய்திக்கு மறுப்பு. இப்போது கவனியுங்கள்: 11-ஆம் வசனத்தை மட்டும் தனியே வெட்டியெடுத்து, இந்த ஆண்டிலேயே உன் காரியம் ஜெயமாகும் என்று ஒருவர் பிரசங்கித்தால், எரேமியாவின் வசனத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் பேசுவது அனனியாவின் செய்தியை.

நான்காவதாகத்தான் நமக்கு இதில் என்ன என்ற கேள்வி வருகிறது. தன் வாழ்நாளுக்குள் பலன் காணாத ஒரு தலைமுறையைத் தேவன் மறந்துவிடவில்லை என்பது இந்தப் பகுதியின் செய்தி. நீண்ட நாள் நோயாளிக்கும், மகனைப் பறிகொடுத்த தாய்க்கும், முகாமில் பிறந்து முகாமிலேயே முதுமை கண்ட அகதிக்கும் இது இரண்டு வருஷ வாக்குறுதியைவிட ஆழமான ஆறுதல். வெட்டியெடுத்த வசனத்தில் இந்த ஆறுதல் இல்லை. முழு அதிகாரத்தில்தான் இருக்கிறது.

எழுதியவர் யார், பெற்றவர் யார், முன்பின் என்ன, எவ்வகை எழுத்து, பிறகு நமக்கு என்ன என்ற இந்த வரிசையைக் கைவிடாமல் பழகினால், கல்லூரியில் வேதவிளக்கவியல் என்ற பெயரில் கற்பிக்கப்படுவதில் ஒரு நல்ல பங்கு ஏற்கெனவே உங்களிடம் இருக்கும்.

அப்படியானால் புத்தாண்டு இரவில் வாக்குத்தத்த வசனம் எடுப்பது தவறா?

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்பது நம் சபைகளில் ஊறிப்போன வழக்கம். அட்டையில் வந்த வசனத்தை அந்த ஆண்டின் தியானத்துக்கு வைத்துக்கொள்வதில் தீங்கில்லை. அதை ஜாதகம்போல் நம்புவதில்தான் சிக்கல். அட்டைகளில் அச்சாகும் வசனங்களைப் பாருங்கள். புலம்பலின் முதல் அதிகாரமோ, ஆமோஸின் கண்டனமோ அவற்றில் ஒருபோதும் வருவதில்லை. இயேசுவைச் சோதித்தவனும் 91-ஆம் சங்கீதத்திலிருந்து வசனம் எடுத்துக்காட்டினான், அதிலும் “உன் வழிகளிலெல்லாம்” என்ற பகுதியை விட்டுவிட்டு. அட்டை எடுத்த மறுநாள் அந்த அதிகாரம் முழுவதையும் வாசித்துவிடுங்கள் என்று சபையாருக்குச் சொல்லும் சேகரகுரு (பல சபைகள் சேர்ந்த சேகரத்தின் குரு) ஒருவர், வழக்கத்தையும் கெடுக்காமல் வேதபாடத்தையும் நடத்திவிடுகிறார்.

எந்தத் தமிழ் மொழிபெயர்ப்பைப் பயன்படுத்துவது?

ஒன்றோடு நிற்கவேண்டாம். சபையில் வாசிக்கப்படுவது பெரும்பாலும் ஹென்றி பவர் ஐயர் தலைமையில் உருவாகி 1871-இல் வெளிவந்த மொழிபெயர்ப்பு. மனப்பாடத்தில் இருப்பதும், பாட்டிலும் ஜெபத்திலும் கலந்திருப்பதும் அதுவே. எனவே பிரசங்கம் செய்பவர் அதை விட்டுவிட முடியாது. 1995-இல் கத்தோலிக்கரும் பிற திருச்சபையாரும் சேர்ந்து கொண்டுவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு இன்றைய நடையில் அமைந்தது. சங்கீதங்களும் தீர்க்கதரிசன நூல்களும் அதில் கவிதை வடிவில் அச்சிடப்பட்டிருப்பதால், எது செய்யுள் எது உரைநடை என்பது பார்த்தவுடனே தெரியும். ஆராய்ச்சிக்கு இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் வேறுபடும் இடத்தில் நின்று, ஏன் என்று கேளுங்கள்.

தமிழ் வேதாகமத்துக்குத் தொடர்ந்து திருத்தப்பட்டுவந்த வரலாறு உண்டு என்பதையும் சபையாருக்குச் சொல்லலாம். சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு 1715-இல் தரங்கம்பாடியில் அச்சேறி முடிந்தது. இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அது. பழைய ஏற்பாட்டில் ரூத் வரை முடித்து அவர் 1719-இல் மறைய, மீதியைச் சூல்ச் ஐயர் முடித்தார். பிறகு பப்ரீஷியஸ், இரேனியஸ் என்று ஒவ்வொரு தலைமுறையும் முந்தியதைத் திருத்தியது. பெர்சிவல் ஐயர் யாழ்ப்பாணத்தில் செய்த மொழிபெயர்ப்பில் சைவரான ஆறுமுக நாவலர் துணைநின்றார். பழைய மொழிபெயர்ப்பில் ஒரு சொல்லையும் மாற்றக்கூடாது என்று வாதிடுவோர் இந்த வரலாற்றைக் கேட்டதும் சற்றுத் தணிவதைப் பார்த்திருக்கிறேன்.

கத்தோலிக்க விவிலியத்தில் நூல்கள் ஏன் அதிகம்?

கத்தோலிக்கத் திருச்சபையின் விவிலியத்தில் 73 நூல்கள், சீர்திருத்தத் திருச்சபைகளின் வேதாகமத்தில் 66. தோபித்து, யூதித்து, மக்கபேயர் முதலிய ஏழு நூல்களும் எஸ்தர், தானியேல் ஆகியவற்றின் சில கூடுதல் பகுதிகளும் எபிரெயத் திருமுறையில் இல்லாமல் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பின் வழியே வந்தவை. புதிய ஏற்பாட்டின் 27 நூல்களில் வேறுபாடில்லை. ஊழியத்துக்கு ஆயத்தப்படுகிறவர், எந்தத் திருச்சபையினராயினும், மக்கபேயர் நூல்களை வாசித்திருப்பது நல்லது. மல்கியாவுக்கும் மத்தேயுவுக்கும் இடையே யூதர் பட்டபாட்டை அறியாமல் சுவிசேஷங்களில் வரும் யூத சமுதாயத்தைப் புரிந்துகொள்வது கடினம்.

எபிரெயமும் கிரேக்கமும் கற்றே ஆகவேண்டுமா?

பழைய ஏற்பாடு எபிரெயத்திலும், தானியேல், எஸ்றா நூல்களின் சில பகுதிகள் அரமேயத்திலும், புதிய ஏற்பாடு அக்காலப் பொதுவழக்குக் கிரேக்கத்திலும் எழுதப்பட்டவை. கல்லூரிக்குப் போகிறவர் இவற்றில் ஒன்றையாவது அடிப்படை அளவில் கற்கவேண்டியிருக்கும். போகாதவர் கற்றால் நன்று. கற்காவிட்டால் குறையென்று ஒதுங்கவேண்டியதில்லை. கவலைக்குரியவர் அரைகுறையாய்க் கற்றவர். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்தவுடன், மூலபாஷையிலே இதற்கு அர்த்தம் வேறு என்று பிரசங்கபீடத்தில் தொடங்கிவிடுகிறார்; எதிரில் இருப்பவர்களால் சரிபார்க்க முடியாது என்பது அவருக்கு வசதியாகிவிடுகிறது.

இறையியல் கற்க எந்தக் கல்லூரி, எந்தப் பட்டம்?

முதலில் உங்கள் திருச்சபை எந்தப் பட்டத்தை ஏற்றுக்கொள்கிறது என்று விசாரியுங்கள். இதைச் செய்யாமல் சேர்ந்து, நான்காண்டு கழித்துத் திகைத்து நிற்பவர்கள் உண்டு.

தென்னிந்தியத் திருச்சபை, லுத்தரன் திருச்சபைகள் முதலியன பெரும்பாலும் செராம்பூர் செனட்டோடு இணைந்த கல்லூரிகளுக்கே தங்கள் மாணவரை அனுப்புகின்றன. வில்லியம் கேரி, மார்ஷ்மன், வார்டு ஆகிய மூவரும் 1818-இல் வங்காளத்தின் செராம்பூரில் தொடங்கிய கல்லூரிக்கு 1827-இல் டென்மார்க் அரசர் பட்டம் வழங்கும் உரிமைச் சாசனம் அளித்தார். 1918-இல் வங்காளச் சட்டமன்றம் இயற்றிய சட்டம் அந்த உரிமையை உறுதிசெய்து, பல திருச்சபைகளும் பங்கேற்கும் செனட்டை அமைத்தது. தமிழருக்கு இதில் ஒரு சுவையான ஒற்றுமை உண்டு. செராம்பூரும் தரங்கம்பாடியும் ஒரே டேனிய ஆட்சியின்கீழ் இருந்து, 1845-இல் சேர்ந்தே ஆங்கிலேயருக்கு விற்கப்பட்ட ஊர்கள்.

செனட்டின் பட்டங்களில் பி.டி.எச். (Bachelor of Theology) என்பது மேல்நிலைப் பள்ளிக் கல்விக்குப் பின் சேரத்தக்கது, பி.டி. (Bachelor of Divinity) என்பது குருத்துவத்துக்குப் பொதுவாக எதிர்பார்க்கப்படும் பட்டம்; அதன்பின் எம்.டி.எச். முதலிய மேற்படிப்புகள். தமிழ்வழியில் கற்க விரும்புவோருக்கு மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரி முதன்மையானது. தென்னிந்தியத் திருச்சபையும் லுத்தரன் திருச்சபைகளும் கூடி 1969-இல் அமைத்த அக்கல்லூரி, சாதியையும் வறுமையையும் தமிழ்ப் பண்பாட்டையும் பாடத்துக்கு வெளியே வைக்காமல் இறையியல் பேசுவதில் பெயர் பெற்றது. சென்னை கீழ்ப்பாக்கத்தில் குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியும், பெங்களூரில் 1910-இல் தொடங்கிய ஐக்கிய இறையியல் கல்லூரியும் ஆங்கிலவழியில் கற்பிக்கின்றன. இலங்கைத் தமிழருக்குக் கண்டிக்கு அருகே பிலிமத்தலாவையில் 1963-இல் ஏற்பட்ட இலங்கை இறையியல் கல்லூரி இருக்கிறது. அங்கே சிங்கள மாணவரும் தமிழ் மாணவரும் ஒரே வளாகத்தில் தத்தம் மொழியில் படிக்கிறார்கள். அந்நாட்டின் வரலாற்றை நினைத்தால், பாடத்திட்டத்தில் எழுதப்படாத பாடம் அதுதான்.

சுயாதீனச் சபைகளும் மிஷனெரி இயக்கங்களும் நடத்தும் வேதாகமக் கல்லூரிகளில் பல ஆசிய இறையியல் கழகத்தின் அங்கீகாரம் பெற்றவை. அங்கீகாரம் இல்லாத சிறிய பள்ளிகளிலும் உண்மையாய் உழைக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். சேருமுன் நேரில் போய், ஆசிரியர் எத்தனை பேர், அவர்கள் எங்கே கற்றவர்கள், நூலகம் திறந்திருக்கிறதா, முன்பு படித்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். கட்டணம் செலுத்தியவுடன் அங்கியும் தொப்பியும் அணிவித்துத் தரப்படும் ‘டாக்டர்’ பட்டத்தைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. சுவரொட்டியில் பெயருக்கு முன் அது நன்றாகத்தான் இருக்கும்.

தென்னிந்தியத் திருச்சபையில் குருவானவராவதற்கான வழி என்ன?

1947 செப்டம்பர் 27-இல் சென்னையில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் இணைந்து உருவான இத்திருச்சபையில் உதவிகுரு, குரு, பேராயர் என மூன்று நிலைகள் உண்டு. விண்ணப்பம் சேகரத்திலிருந்து தொடங்குகிறது. சேகரகுருவின் பரிந்துரை, திருமண்டலத்தின் (ஒரு பேராயரின் பொறுப்பில் உள்ள பகுதியின்) நேர்காணல், சில இடங்களில் சபை ஊழியராக முன்பணி, பிறகு கல்லூரி, கல்லூரிக்குப் பின் தகுதிகாண் காலம், அதன்பின் உதவிகுரு அபிஷேகம், கடைசியில் குருத்துவ அபிஷேகம் என்று வரிசை செல்லும். வயது வரம்பும் இடங்களின் எண்ணிக்கையும் திருமண்டலத்துக்குத் திருமண்டலம் மாறும் என்பதால் அலுவலகத்திலேயே கேட்டறிவது நல்லது.

தேர்வில் சிபாரிசும் கட்சியும் புகுவதில்லையா என்று கேட்பவர்களுக்கு, புகுவதுண்டு என்பதே நேர்மையான பதில். திருமண்டலத் தேர்தல் காலத்தில் சுவரொட்டிகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிய செய்தியல்ல. அதை அறிந்தும் விண்ணப்பிப்பவரே அங்கு தேவை.

கத்தோலிக்கத் திருச்சபையிலும் பெந்தெகொஸ்தே சபைகளிலும் எப்படி?

கத்தோலிக்கக் குருத்துவப் பயிற்சி நீண்டது. திருச்சபைச் சட்டப்படி மெய்யியலும் இறையியலும் சேர்ந்து குறைந்தது ஆறு முழு ஆண்டுகள். இதற்கு முன்னும் இடையிலும் ஆன்மிகப் பயிற்சியும் பங்குகளில் களப்பணியும் சேரும்போது பத்தாண்டை ஒட்டிவிடும். குருவாக 25 வயது நிறைந்திருக்கவேண்டும். பூந்தமல்லி, திருச்சிராப்பள்ளி ஆகிய ஊர்களின் குருமடங்கள் தமிழ்நாட்டில் அறியப்பட்டவை. பொதுநிலையினர் விவிலியம் கற்கத் திண்டிவனத்திலுள்ள விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு நடுநிலையம் பயிற்சி தருகிறது.

பெந்தெகொஸ்தே சபைகளில் ஒரே முறை இல்லை. சில கல்லூரி நடத்துகின்றன. இலங்கையில் தோன்றிய பெந்தெகொஸ்தே மிஷன் தன் ஊழியரைக் கல்லூரிக்கு அனுப்புவதில்லை. விசுவாச வீடுகளில் மூத்த ஊழியரோடு தங்கவைத்தே உருவாக்குகிறது. கூட வாழ்ந்து கற்பது அதன் பலம். மாற்றுக் கருத்தைக் கேட்க வாய்ப்புக் குறைவது அதன் விலை.

பெண்கள் இறையியல் கற்று ஊழியம் செய்யலாமா?

செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். வீட்டுக்குள்ளிருந்த பெண்களிடம் சுவிசேஷத்தையும் எழுத்தறிவையும் கொண்டுபோன ‘பைபிள் உமன்’ இல்லாமல் திருநெல்வேலிச் சபைகளின் வரலாற்றை எழுத முடியாது. தென்னிந்தியத் திருச்சபை பெண்களுக்கும் குருத்துவ அபிஷேகம் அளிக்கிறது. 2013-இல் புஷ்பலலிதா அம்மையார் நந்தியால் பேராயராகி அத்திருச்சபையின் முதல் பெண் பேராயரானார். கத்தோலிக்கத் திருச்சபையில் பெண்களுக்குக் குருத்துவம் இல்லை; ஆனால் அருள்சகோதரிகளும் பொதுநிலைப் பெண்களும் இறையியல் கற்றுக் கற்பிக்கிறார்கள். சட்டம் திறந்த கதவைச் சேகரக் கமிட்டிகள் எல்லாம் திறந்துவிடவில்லை என்பதையும், பி.டி. முடித்த பெண்ணுக்கு ஓய்வுநாள் பள்ளியும் பெண்கள் ஐக்கியமும் போதும் என்று முடிவுகட்டும் இடங்கள் இன்னும் உள்ளன என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

வேலையை விடாமல் படிக்க வழி உண்டா?

உண்டு. செராம்பூர் செனட் வெளிவாரியாகக் கிறிஸ்தவக் கல்விப் பட்டமும் பட்டயமும் வழங்குகிறது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட டாஃப்டி என்னும் விரிவாக்க இறையியல் கல்விச் சங்கம், வீட்டில் படித்துக் குழுவாகக் கூடிக் கலந்துரையாடும் முறையைப் பல்லாண்டுகளாக நடத்திவருகிறது. குழு இருப்பதால் இது தனியே படிப்பதைவிட மேல். ஆசிரியர், செவிலியர், வங்கி ஊழியர் என்று சம்பளத்துக்கு ஒரு வேலையும் சபைக்கு ஒரு வேலையும் செய்பவர்கள் நம் கிராமச் சபைகளைத் தாங்குகிறார்கள். கூடாரம் தைத்துக்கொண்டே ஊழியம் செய்த பவுலுக்கு இது வியப்பாக இருந்திராது.

இறையியல் கல்லூரிக்குப் போனால் விசுவாசம் குலைந்துபோகும் என்கிறார்களே?

குலைவதுண்டு, பெரும்பாலானோருக்கு அது திரும்பக் கட்டப்படுவதும் உண்டு. ஆதியாகமத்தின் முதல் இரண்டு அதிகாரங்களில் படைப்பு இரண்டு விதமாகச் சொல்லப்பட்டிருப்பதையும், ஏசாயா நூலின் பிற்பகுதி பாபிலோனியச் சிறையிருப்பைப் பின்னணியாகக் கொண்டிருப்பதையும், நான்கு சுவிசேஷங்களும் நிகழ்ச்சிகளை ஒரே வரிசையில் அடுக்கவில்லை என்பதையும் முதலாண்டு மாணவர் வகுப்பில் எதிர்கொள்வார். இவை கல்லூரி கண்டுபிடித்தவை என்று நினைப்பதுதான் தவறு. வேதாகமத்தின் பக்கத்திலேயே இருப்பவை. வேகமாய் வாசித்ததால் கண்ணில் படாதவை. தேவனைப் பற்றிய விசுவாசம் ஒன்று, வேதாகமம் எப்படி எழுதப்பட்டிருக்கவேண்டும் என்று நாமாக வைத்திருந்த எண்ணம் வேறொன்று. உடைவது பெரும்பாலும் பின்னது.

ஆனால் கல்லூரிகள்மேல் சொல்லவேண்டிய குறையும் உண்டு. பிரித்துக் காட்டக் கற்பிக்கும் அளவுக்கு, பிரித்ததைச் சபையில் எப்படிச் சேர்த்துச் சொல்வது என்று சில வகுப்புகள் கற்பிப்பதில்லை. விடுமுறையில் ஊருக்கு வந்து, மோசே ஐந்து ஆகமங்களை எழுதவில்லை என்று பாட்டியிடம் அறிவிக்கும் மாணவர் அப்படிப்பட்ட வகுப்பிலிருந்து வருகிறார். படிக்கும் ஆண்டுகளில் சொந்தச் சபையின் ஆராதனையையும், ஜெபத்தையும், மனம் திறந்து பேசத்தக்க மூத்த ஊழியர் ஒருவரையும் விட்டுவிடாதிருப்பதே சரியான பாதுகாப்பு.

விளக்கவுரைகள், செல்பேசிச் செயலிகள், யூடியூப் பிரசங்கங்கள் உதவுமா?

சொல்லடைவும் ஒத்தவாக்கியங்களும் செயலியில் நொடியில் கிடைப்பது பெரும் வசதி. விளக்கவுரையை, நீங்கள் அந்தப் பகுதியைப் பலமுறை வாசித்துச் சொந்தக் குறிப்பு எழுதிய பிறகே திறங்கள். முன்பே திறந்தால் உங்கள் கண் வேலை செய்யாது. யூடியூப் பிரசங்கத்தைக் கேட்டு அப்படியே ஒப்பிப்பவர்களைச் சபையார் கண்டுபிடித்துவிடுகிறார்கள், ஏனென்றால் அவர்களும் அதையே கேட்டிருக்கிறார்கள்.

படிப்புச் செலவுக்கு என்ன செய்வது?

திருச்சபை அனுப்பும் மாணவருக்குப் பெரும்பாலும் திருமண்டலமோ சேகரமோ முழுமையாகவோ பகுதியாகவோ உதவுகிறது. பதிலுக்குக் குறிப்பிட்ட காலம் அத்திருச்சபையில் பணிசெய்ய உடன்படவேண்டியிருக்கும். அந்த உடன்பாட்டை எழுத்தில் வாங்கிப் படித்துவிட்டே கையெழுத்திடுங்கள். மணமானவர்கள் துணையின் விருப்பத்தைக் கேட்காமல் முடிவெடுக்கக்கூடாது, ஏனெனில் குருமனைக்கு இடம்பெயரப்போவது குடும்பம் முழுவதும்.

முதல் பிரசங்கத்துக்கு எப்படி ஆயத்தப்படுவது?

திங்கட்கிழமையே பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிறுதோறும் வாசிக்கத் திருச்சபை வகுத்துத் தரும் வாசக அட்டவணை குறித்த பகுதியாக இருந்தால் மேல். பிடித்த வசனத்துக்கே திரும்பத் திரும்பப் போகும் சோம்பலை அது தடுக்கும். இரண்டு மொழிபெயர்ப்பிலும் நாள்தோறும் உரக்க வாசியுங்கள். மேலே எரேமியாவுக்குச் செய்ததுபோல் முன்பின் பார்த்துக் குறிப்பெடுங்கள். வாரநடுவில், இந்தப் பகுதி ஒரே வாக்கியத்தில் என்ன சொல்கிறது என்று எழுத முயலுங்கள். எழுத வராவிட்டால் பிரசங்கம் இன்னும் ஆயத்தமாகவில்லை. அதன்பின் இருபது நிமிடத்துக்கு மேற்படாமல் எழுதி, வீட்டில் ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

நெகேமியா 8-இல் எஸ்றாவும் லேவியரும் வேதத்தைத் தீர்க்கமாய் வாசித்து, அர்த்தஞ்சொல்லி, ஜனங்களுக்கு விளங்கப்பண்ணினார்கள். அந்த வரிசையில் முதலில் வருவது வாசிப்பு. ஆகவே வேதபாடத்தைத் தடுமாறாமல், பெயர்களை முன்கூட்டியே சொல்லிப்பழகி வாசியுங்கள். நம் ஆராதனைகளில் அக்கறையின்றிச் செய்யப்படுவது இதுவே. கதைகளை ஒன்றோடு நிறுத்துங்கள். உங்கள் சாட்சியை இந்த முறை விட்டுவிடுங்கள். ஆராதனை முடிந்ததும் வாசலில் கை கொடுப்பவர்கள் எல்லாரும் ஆசீர்வாதமாயிருந்தது என்றே சொல்வார்கள் என்பதால், அந்த வாரத்திலேயே, பள்ளிப்படிப்பு அதிகம் இல்லாத மூத்த அம்மா ஒருவரின் வீட்டுக்குப் போய், ஞாயிறன்று வாசித்த பகுதியில் அவருக்கு என்ன நினைவிருக்கிறது என்று கேளுங்கள். அவர் சொல்வதைக் குறித்துவைத்துக்கொண்டு, அடுத்த பிரசங்கத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.